மண் ஆற்றும் புண்

போரில் வீழ்ந்த வீரனை உலகம் எளிதில் மறப்பதில்லை. அவன் பெயரைக் கல்லில் பொறிக்கின்றது. அவன் புகழைப் பாட்டில் பாடுகின்றது. வீழ்ந்தவனுக்கு நடுகல் நட்டு வழிபட்டவர் தமிழர். முகத்திலும் மார்பிலும் ஏற்ற புண்ணை ‘விழுப்புண்’ எனப் பெயரிட்டுப் போற்றியதும் நம் தமிழே. ஆயினும், போர்முனையிலிருந்து உயிரோடு மீண்டு, உடலில் வடு ஏதுமின்றி, உள்ளத்தில் மட்டும் ஆறாப் புண்ணைச் சுமந்து வாழ்பவனுக்கு உலகம் என்ன செய்கின்றது? அவனுக்கு உதவித்தொகை தருகின்றது, மார்பில் பதக்கம் அணிவிக்கின்றது, பிறகு மறந்துவிடுகின்றது. இஃது அறமாகுமா? இவ்வினாவிற்கு மேலை நாட்டார் சிலர் அண்மைக் காலத்தில் கண்ட விடை ஒன்று நம் கருத்தைக் கவர்வதாகும். பழைய போர்க்களங்களை அகழ்ந்து ஆராயும் பணியில் புண்பட்ட வீரர்களை ஈடுபடுத்தி, அப்பணியின் வாயிலாகவே அவர்தம் உள்ளத்தைத் தேற்றலாம் என்பதே அவ்விடை. அது நல்லதொரு விடை என்பதும், நாடுகள் பலவும் அதனை ஆராய்ந்து ஏற்கத்தக்கது என்பதும் என் கருத்து.

உள்ளப் புண் என்பது புதிய நோய் அன்று. போர் தோன்றிய நாளிலேயே அதுவும் தோன்றியிருத்தல் வேண்டும். ஆனால், அதனை நோய் என்று உணர்வதற்கு உலகம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. 1914-ஆம் ஆண்டு தொடங்கிய முதல் உலகப் போரில், குண்டு வெடிக்கும் பதுங்குகுழிகளில் மாதக்கணக்கில் கிடந்த வீரருட் பலர் பேச்சிழந்தனர், கைகால் நடுங்கினர், உறக்கம் ஒழிந்தனர். 1915-ஆம் ஆண்டில் மயர்சு என்னும் ஆங்கில உளவியல் அறிஞர் இந்நிலையைக் ‘குண்டதிர்ச்சி’ எனப் பொருள்படும் சொல்லால் குறித்து எழுதினார். ஆயினும், படைத்தலைவர் பலர் அதனைக் கோழைமை என்றே கருதினர். களத்தைவிட்டு ஓடினர் என்றும், கோழைகள் என்றும் குற்றம் சாட்டப்பட்ட வீரர்கள் தம் படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். அவருட் சிலரேனும் இந்நோய்க்கு ஆளானவர் என்பதில் ஐயமில்லை. அவ்வாறு கொல்லப்பட்ட 306 பேருக்குப் பிரிட்டிஷ் அரசு 2006-ஆம் ஆண்டில்தான் மன்னிப்பு வழங்கியது. மாண்டவர்க்கு அம்மன்னிப்பால் யாது பயன்? வியட்நாம் போருக்குப் பின்னரே, 1980-ஆம் ஆண்டில், அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் இத்துன்பத்தை முறையான நோயாகத் தன் நூலில் சேர்த்தது.

இந்நோயுற்றவரின் நிலையைச் சிறிது எண்ணிப் பாருங்கள். அவருக்கு இரவில் உறக்கம் வாராது. வந்தால் கொடுங்கனவும் உடன் வரும். தெருவில் ஒரு கதவு படீரென மூடினால் உடல் முழுதும் அதிரும். கூட்டத்தைக் கண்டால் அஞ்சுவார். தனித்திருந்தால் நினைவுகள் வாட்டும். மனைவி மக்களிடத்தும் மனம் திறந்து பேச இயலாது. களத்தில் பட்டதைக் களம் காணாதவர்க்கு எங்ஙனம் சொல்வது?

இவற்றோடு அவர் இழந்தவை மூன்று உண்டு. முதலாவது, தோழமை. உயிருக்கு உயிராய் உடனிருந்த தோழர்கள் திசைக்கொருவராய்ப் பிரிந்துவிடுகின்றனர். இரண்டாவது, பணி. விடியலில் எழுந்தால் இன்னது செய்தல் வேண்டும் என்றிருந்த ஒழுங்கு மறைந்துவிடுகின்றது. மூன்றாவது, தகுதி. நேற்று வரை பலர் உயிரைக் காக்கும் பொறுப்பில் இருந்தவர் இன்று பிறர் இரங்கும் நிலையில் இருக்கின்றார். மருந்து உறக்கத்தைத் தரலாம். மருத்துவர் அறிவுரை அச்சத்தைத் தணிக்கலாம். ஆனால், இழந்த தோழமையையும் பணியையும் தகுதியையும் மருந்துச் சீட்டில் எழுதித் தர இயலுமா? இங்கேதான் அகழாய்வு துணைக்கு வருகின்றது.

போர்க்கள அகழாய்வு என்பது யாது? பண்டைப் போர் நிகழ்ந்த நிலத்தை முறையாகத் தேடி, அங்குக் கிடைக்கும் குண்டு, பொத்தான், எலும்பு, ஆயுதத் துண்டு ஆகியவற்றைக் கொண்டு அன்று நிகழ்ந்ததை அறியும் கலையே அது. இக்கலை வளர்வதற்கு வழி வகுத்தது அமெரிக்காவில் மாண்டானா மாநிலத்திலுள்ள லிட்டில் பிக்ஹார்ன் என்னும் களம். 1876-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அங்குக் கஸ்டர் என்னும் படைத்தலைவரும் அவர் நேரே நடத்திச் சென்ற பிரிவினரும் லக்கோட்டா, செயென் முதலிய பழங்குடி வீரர்களால் வீழ்த்தப்பட்டனர். அப்பிரிவில் உயிர் தப்பிக் கதை சொல்ல ஒருவரும் எஞ்சவில்லை. வென்ற பழங்குடியினர் கூறியவற்றையோ வெள்ளையருட் பலர் நெடுநாள் பொருட்படுத்தவில்லை. 1983-ஆம் ஆண்டில் அந்நிலத்துப் புல் தீப்பற்றி எரிந்தது, நிலம் வெளிப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர், தொண்டர் பலரின் துணையுடன், உலோகம் காட்டும் கருவிகளைக் கொண்டு அந்நிலத்தை அளந்து தேடினர். துப்பாக்கி ஒவ்வொன்றும் தோட்டாவின் அடியில் தனக்கே உரிய ஒரு தடத்தைப் பதிக்கும். அத்தடங்களை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி எங்கிருந்து எங்குச் சென்றது என்பதையும் கண்டனர். பழங்குடியினர் கூறியவை பலவும் உண்மை என மண் சான்று கூறிற்று. தோற்றவர் எழுதிய கதையை மண் திருத்தியது எனலாம்.

இத்தகைய பணியில் புண்பட்ட வீரரை ஈடுபடுத்தும் முயற்சி இங்கிலாந்தில் 2011-ஆம் ஆண்டில் தொடங்கியது. ‘நைட்டிங்கேல் திட்டம்’ என்பது அதன் பெயர். பாதுகாப்புத் துறையின் தொல்பொருள் அறிஞர் ரிச்சர்டு ஆஸ்குட் என்பவர் அதனைத் தொடங்கியவருள் ஒருவர். ஆப்கானிஸ்தானத்தில் போரிட்டுப் புண்பட்டு மீண்ட வீரர்கள் அதில் சேர்ந்தனர். சாலிஸ்பரிச் சமவெளியில் படைப்பயிற்சிக்கென ஒதுக்கிய பரந்த நிலம் உண்டு. அங்கு ‘பாரோ கிளம்ப்’ என்னும் பழைய புதைமேட்டை, வளை தோண்டி வாழும் காட்டு விலங்குகள் சிதைத்து வந்தன. மனித எலும்புகளும் வெளியே வந்து கிடந்தன. ஆதலின், அம்மேட்டை அகழ்ந்து காத்தல் இன்றியமையாததாயிற்று. வீரர்கள் அகழ்ந்தனர். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆங்கிலோ-சாக்சன் மக்களின் கல்லறைகள் வெளிப்பட்டன. அவற்றுட் சிலவற்றில் ஈட்டியும் கேடயமும் உடன் இருந்தன. தம் காலத்துப் படைவீரர், மறைந்த காலத்துப் படைவீரரைக் கண்டெடுத்த காட்சி எத்தகையது! ஆயுதம் மாறியிருக்கலாம், ஆடை மாறியிருக்கலாம், ஆயுதம் ஏந்தி நிற்கும் மனிதனின் நிலை மாறவில்லை என்பதை அம்மண் அவர்களுக்கு உணர்த்தியிருக்கும்.

இவ்வெண்ணம் போர்க்களத்திற்கே சென்ற வரலாறு இன்னும் சிறப்புடையது. பெல்ஜியம் நாட்டில் வாட்டர்லூ என்னும் ஊரின் அருகே 1815-ஆம் ஆண்டு சூன் 18-ஆம் நாள் பெரும்போர் நிகழ்ந்தது. பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனை, வெல்லிங்டன் தலைமையில் நின்ற கூட்டுப் படையும் புளூக்கர் தலைமையில் வந்த பிரஷ்யப் படையும் சேர்ந்து வென்றன. சிறிய நிலப்பரப்பில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் வீரர் ஒரே நாளில் மோதினர். இறந்தவரும் புண்பட்டவருமாய் 40,000 பேருக்கு மேல் வீழ்ந்தனர்.

அப்போர் நிகழ்ந்து 200 ஆண்டுகள் நிறைந்த 2015-ஆம் ஆண்டில், ‘வாட்டர்லூ அன்கவர்டு’ என்னும் அறநிறுவனம் அங்கு அகழாய்வைத் தொடங்கிற்று. அதனை நிறுவியவர் மார்க் எவான்ஸ், சார்லஸ் பாய்னெட் என்னும் இருவர். இருவரும் கோல்டுஸ்ட்ரீம் காவற்படையில் பணியாற்றியவர். இருவரும் இளமையில் தொல்பொருட்கலை பயின்றவர். எவான்ஸ் ஆப்கானிஸ்தானப் போரிலிருந்து மீண்டபின் உள்ளப் புண்ணால் துன்புற்றவர். அதனை வெளிப்படையாகக் கூறத் தயங்காதவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டோனி பொல்லார்டு அகழாய்வுக்குத் தலைமை தாங்கினார். பணியிலிருக்கும் வீரரும், ஓய்வு பெற்ற வீரரும், மாணவரும், அறிஞரும் ஒரே குழியில் இறங்கி வேலை செய்தனர்.

அவர்கள் முதலில் அகழ்ந்த இடம் ஊகுமோன் என்னும் பண்ணை. வெல்லிங்டனின் வலப்பக்கத்தைக் காத்து நின்றது அப்பண்ணை. பிரெஞ்சுப் படை நாள் முழுதும் அதனைத் தாக்கியது. ஒருமுறை வடக்கு வாயிலைத் தகர்த்து உட்புகவும் செய்தது. உள்ளிருந்த கோல்டுஸ்ட்ரீம் படையினரும் பிறரும் தோள் கொடுத்து அவ்வாயிலை மீண்டும் மூடினர். தம் படைப்பிரிவின் முன்னோர் நின்ற மண்ணில் அப்பிரிவின் இற்றை வீரர் மண்டியிட்டு அகழ்ந்தனர். அங்கு அவர்கள் தேடிய பொருள்களுள் முதன்மையானவை ஈயக் குண்டுகள். பிரிட்டிஷ் துப்பாக்கியின் குண்டு பெரியது. பிரெஞ்சுத் துப்பாக்கியின் குண்டு சற்றே சிறியது. ஆகவே, ஒரு குண்டைக் கண்டதும் அஃது எப்பக்கத்தது என்று கூறிவிடலாம். உருண்டையாய் இருந்தால் அது பெரும்பாலும் கை தவறி விழுந்தது. தட்டையாய் நசுங்கியிருந்தால் எதிலேனும் மோதியது. குண்டு கிடந்த இடங்களையெல்லாம் வரைபடத்தில் குறித்தால், நின்றவர் எங்கு நின்றனர், வந்தவர் எவ்வழி வந்தனர் என்பது தெளிவாகும்.

மோன் சேன் ஷான் என்னும் மற்றொரு பண்ணை போரன்று மருத்துவமனையாய் இருந்தது. ஆயிரக்கணக்கான புண்பட்டோர் அங்குக் கொண்டுவரப்பட்டனர். 2019-ஆம் ஆண்டில் அங்கு அகழ்ந்தபோது, அறுத்து அகற்றிய கால் எலும்புகள் கிடைத்தன. மயக்க மருந்து அறியாத காலத்தில் அறுத்த கால்கள் அவை. 2022-ஆம் ஆண்டில் அதே பண்ணையில் ஒரு வீரரின் முழு எலும்புக்கூடு வெளிப்பட்டது. வாட்டர்லூவில் இத்தகைய முழு எலும்புக்கூடு கிடைப்பது மிக அரிது. ஏன்? இறந்தவர் பல்லாயிரவர் ஆயிற்றே. அவர்தம் எலும்புகள் எங்கே? பிற்காலத்தில் குழிகளைத் தோண்டி எலும்புகளை எடுத்து, வயலுக்கு உரமாகவும், சர்க்கரையை வெண்மையாக்கும் எலும்புக் கரியாகவும் பயன்படுத்திவிட்டனர் என்று வரலாற்று அறிஞர் இப்போது கருதுகின்றனர். ஒரு பேரரசின் தலைவிதியை மாற்றிய வீரர்களுக்கு உலகம் காட்டிய நன்றி இதுதான்! இதனை நன்கு உணரக்கூடியவர் யார்? தாமும் ஒருநாள் மறக்கப்படுவோமோ என அஞ்சும் வீரரே. அவர் கையில் அந்த எலும்பு கிடைக்கும்போது அஃது ஆராய்ச்சிப் பொருளாக மட்டும் இராது. பெயர் அறியாத தோழனின் உடலாகவும் இருக்கும். அதனை அவர் எடுக்கும் பரிவைப் பிறர் எவரும் காட்ட இயலாது.

இனி, இப்பணி உள்ளத்தைத் தேற்றுவது எவ்வாறு என்று காண்போம். படைவீரன் கற்ற கலைகள் பல. அமைதிக் காலத்தில் அவற்றுக்கு வேலை இல்லை. நிலத்தின் மேடுபள்ளம் கண்டு பகைவன் எங்கு மறைந்திருப்பான் என அறிவது ஒரு கலை; வரைபடம் பார்ப்பது ஒரு கலை; வெயிலிலும் மழையிலும் சோராது உழைப்பது ஒரு கலை. அகழாய்வுக் களத்தில் இவை யாவும் பயன்படுகின்றன. பேராசிரியர் கண்ணுக்கு வெறும் சரிவாய்த் தோன்றும் நிலம், வீரன் கண்ணுக்குப் பதுங்கத் தகுந்த இடமாய்த் தோன்றும். அவன் கூறும் கருத்தை அறிஞர் கேட்டுக் குறித்துக்கொள்கின்றனர். நேற்று இரங்கத்தக்கவனாய் இருந்தவன் இன்று கேட்கத்தக்கவனாகின்றான்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. ஆப்கானிஸ்தானத்தில் வீரர்கள் உலோகம் காட்டும் கருவியை ஏந்தி அடிமேல் அடிவைத்து நடந்தனர். கருவி ஒலித்தால் காலடியில் வெடி இருக்கலாம். ஒரு தவறு உயிரைப் பறிக்கும். வாட்டர்லூவிலும் அதே போன்ற கருவி. அதே போன்ற ஒலி. ஆனால், இங்கு ஒலித்தால் மகிழ்ச்சி! மண்டியிட்டுக் கரணையால் மெல்ல மண்ணை விலக்கினால், 200 ஆண்டுக்கு முந்திய ஒரு பொத்தானோ குண்டோ வெளிப்படும். அச்சத்தோடு பிணைந்திருந்த ஒலி ஆர்வத்தோடு பிணைகின்றது. இம்மாற்றம் ஒரு நாளில் நிகழ்வதன்று. ஆயினும், நாள்தோறும் சிறிது சிறிதாய் நிகழக்கூடியது.

அகழ்தல் மெதுவான வேலை. கட்டம் வகுத்தல் வேண்டும்; அடுக்கடுக்காய் மண்ணை நீக்கல் வேண்டும்; சல்லடையில் சலித்தல் வேண்டும்; கிடைத்ததை அளந்து எழுதல் வேண்டும். கையும் கண்ணும் இவ்வாறு ஒன்றில் பொருந்தியிருக்கும்போது மனம் பழைய நினைவுகளில் உழல்வது குறைகின்றது. பக்கத்தில் ஒருவன் அவ்வாறே அகழ்கின்றான். முகத்துக்கு முகம் பார்த்துப் பேச இயலாததை, மண்ணைப் பார்த்துக்கொண்டே பேசிவிடலாம். கேட்பவனும் களம் கண்டவனே; விளக்கம் வேண்டுவதில்லை.

இம்முயற்சியை ஐயுறுவாரும் உண்டு. அவர்தம் வினாக்களை ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. “போரால் நொந்தவனைப் போர்க்களத்திற்கே அழைத்துச் செல்வதா? நெருப்பால் சுட்டவனுக்கு நெருப்பையே காட்டுவதா?” என்பர் சிலர். இது நியாயமான வினா. எலும்பைக் கண்டு கலங்குவோர் இருக்கலாம். ஆகவேதான் விரும்பி வருவோரையே சேர்த்தல் வேண்டும். உள்ள நலம் அறிந்தோர் எப்போதும் உடனிருத்தல் வேண்டும். களம் வேண்டா என்பவர்க்குப் பழைய வீட்டையோ கோயிலையோ அகழும் வேலை தரலாம். எனினும், 200 ஆண்டு இடைவெளி ஒரு பெருந்துணை என்பதை மறத்தலாகாது. தன் போரைப் பற்றிப் பேச நா எழாதவன், நெப்போலியன் காலத்து வீரன் பட்ட பாட்டைப் பற்றிப் பேசுவான். பேசப் பேசத் தன்னையும் பேசத் தொடங்குவான்.

“பயிற்சியில்லாதவர் கையில் அரிய சான்றுகளை ஒப்படைக்கலாமா?” என்பர் வேறு சிலர். ஒருமுறை அகழ்ந்த மண்ணை மீண்டும் அகழ இயலாது என்பது உண்மையே. அகழாய்வு நூலைப் படிப்பது போன்றதன்று. படித்த ஏட்டை உடனே கிழிப்பது போன்றது. ஆதலின், அறிஞர் மேற்பார்வை இன்றியமையாதது. ஆனால், ஒழுங்கும் பொறுமையும் கட்டளைக்கு அமைதலும் படைவீரர்க்குப் புதியவை அல்லவே! வீரர்களுக்கு நலம் என்பதற்காகத் தேவையில்லாத இடத்தைத் தோண்டுதல் மட்டும் கூடாது. ஆராய்ச்சிக்கு உண்மையாகவே வேண்டிய வேலையாய் இருந்தால்தான் வீரனுக்கும் அது மதிப்புத் தரும். பொழுதுபோக்குக்காகத் தரும் வேலையை அவன் எளிதில் கண்டுகொள்வான்.

“இதனால் நோய் தீர்ந்துவிடுமா?” என்பது மூன்றாவது வினா. தீர்ந்துவிடும் என்று கூறுவது மிகை. இத்தகைய அகழாய்வுகளில் கலந்துகொண்ட வீரரை ஆராய்ந்த அறிஞர் 2020-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். கவலையும் சோர்வும் தனிமை உணர்வும் குறைந்தன. மன நலம் உயர்ந்தது எனக் கண்டனர். ஆனால், ஆராயப்பட்டோர் தொகை பெரிதன்று. இரண்டு வார அகழாய்வு முடிந்து வீடு திரும்பியபின் என்ன ஆகும் என்பதையும் எண்ணல் வேண்டும். மருத்துவத்திற்கு மாற்றாக அன்றி, மருத்துவத்தின் துணையாகவே இதனைக் கொள்ளல் தகும். களம் விட்டபின்னும் தொடர்பு அறாமல் காத்தலும், விரும்புவோர்க்குக் கல்வியும் தொழிலும் கிடைக்க வழி செய்தலும் வேண்டும். அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அகழ்ந்தெடுத்துப் பெட்டிகளில் கிடந்த பழம்பொருள்களை வகைப்படுத்திப் பாதுகாக்கும் வேலையை முன்னாள் வீரர்களுக்கு ஊதியத்தோடு தந்து, வேறு தொழிலுக்கும் அவர்களை ஆயத்தம் செய்தது அத்திட்டம்.

இம்முயற்சியின் அடியில் நிற்கும் எண்ணம் ஒன்றே. துன்புற்றவனுக்கு நாம் தரும் இரக்கம் அவனைச் சிறிது தாழ்த்துகின்றது; அவனால் இயன்ற ஒரு நல்ல வேலையை நம்பிக் கொடுப்பது அவனை உயர்த்துகின்றது. ‘உனக்கு உதவ வந்தோம்’ என்பதைவிட, ‘உன் உதவி எங்களுக்கு வேண்டும்’ என்பது ஆற்றல் மிக்க சொல். படைவீரருக்கு மட்டும் அன்று, நோயாலோ விபத்தாலோ இழப்பாலோ தளர்ந்து நிற்கும் எவர்க்கும் இது பொருந்தும்.

இளைஞர்களே! உங்கள் தெருவிலும் ஒரு முன்னாள் படைவீரர் இருக்கலாம். அவர் அதிகம் பேசாதவராய் இருக்கலாம்; சிறு ஒலிக்கும் திடுக்கிடுபவராய் இருக்கலாம். அவரைக் கண்டு நகையாதீர்கள், விலகியும் செல்லாதீர்கள். அவர் அறிந்ததில் ஒன்றை உங்களுக்குக் கற்பிக்குமாறு வேண்டுங்கள். வரைபடம் பார்க்கவோ, வரிசை அமைக்கவோ, தோட்டத்தில் பாத்தி கட்டவோ கற்றுத் தரச் சொல்லுங்கள். நாடுகள் செய்ய வேண்டிய பெரும்பணி இருக்கவே இருக்கின்றது. அதனை வற்புறுத்தும் குடிமக்களாய் நீங்கள் வளர்வீர்கள். அதற்கு முன், அண்டை வீட்டுக் கதவைத் தட்டும் சிறுபணியை இன்றே தொடங்கலாம்.